மாவுக்கட்டு பிரிக்கும் மிஷின்: பிளாஸ்டர் ரூமுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாவுக்கட்டு போடுவதைச் சொல்லித்தர எலும்புப் பிரிவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு பஞ்சு, மணிக்கட்டை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று புரொபசர் முதல் பி.ஜி. வரை ஆளாளுக்குச் சொல்வார்கள். அதே கட்டைப் பிரிக்கும் நாள் வந்தால், "கட்டர் அந்த டேபிள்ல இருக்கு, வெட்டி விட்ருப்பா" என்பதோடு பாடம் முடிந்துவிடும். கூடவே ஒரு வாக்கியம்: "பயப்படாத, அது தோலை வெட்டாது."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பி மிஷினை எடுப்பவர்களால்தான் காயங்கள் வருகின்றன. தோலை வெட்டாமல் இருக்க அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. மீறினால் வெட்டும். வெட்டாவிட்டாலும் சுடும். கட்டு பிரித்த பிறகு கையிலும் காலிலும் நாம் பார்க்கும் கோடுகோடான தழும்புகளில் பெரும்பாலானவை வெட்டுக்காயமே அல்ல, சூட்டுக்காயம்.

ஹவுஸ் சர்ஜன்கள், பிளாஸ்டர் டெக்னீஷியன் படிப்பில் இருக்கும் தம்பி தங்கைகள், சின்ன ஊர் நர்சிங் ஹோமில் எல்லா வேலையும் தலையில் விழும் செவிலியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டோடு வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். படித்துவிட்டு ஹாக்ஸா பிளேடையோ, தச்சரிடம் இருக்கும் மிஷினையோ தேடிப் போகக் கூடாது.

தோலை ஏன் வெட்டுவதில்லை, எப்போது வெட்டும்

முதலில் பிளேடைப் பாருங்கள். வட்டமாக, சுற்றிலும் பற்களோடு இருப்பதால் மர மில்லில் சுழலும் ரம்பம் மாதிரித் தோன்றும். நோயாளிகள் பயப்படுவதும் அதனால்தான். ஆனால் இது சுழல்வதில்லை. சில டிகிரி அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடுகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 10,000 முறைக்கும் மேல் ஆடுவதால் கண்ணுக்குச் சுழல்வது போலத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் பிளேடில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஓடவிடுங்கள். புள்ளி வட்டமாகாது, இருந்த இடத்திலேயே கொஞ்சம் பரவித் தெரியும்.

பல் ஒவ்வொன்றும் நகரும் தூரம் மிகக் குறைவு. மாவுக்கட்டு விறைப்பானது, அசைய மறுக்கிறது, அதனால் அறுபடுகிறது. தோல் தளர்வானது. பல் இழுத்த பக்கம் அதுவும் கூடவே போய்த் திரும்புகிறது. பல்லுக்கும் தோலுக்கும் இடையே உரசலே ஏற்படாததால் வெட்டு விழுவதில்லை. அமெரிக்காவின் கலமசூ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் இந்த அசைவை வைத்துச் செய்த கட்டருக்கு 1947-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகம் முழுக்க மருத்துவக் கருவிகள் விற்கும் ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவரே. 1850-களில் ஹாலந்து ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மத்தைசன் மாவு தேய்த்த துணிச்சுருளைப் பரப்பியதிலிருந்து இந்த மிஷின் வரும்வரை சுமார் 100 ஆண்டுகள், கட்டைப் பிரிக்கப் பெரிய கத்தரியும் கத்தியும் கைரம்பமும்தான்.

இப்போது நிபந்தனைக்கு வருவோம். தோல் கூடவே ஆட வேண்டும் என்றால் அதற்கு ஆட இடம் இருக்க வேண்டும். கரண்டை முண்டு, முழங்கை முட்டி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்பு, முழங்கால் சில்லு, முன்காலின் எலும்பு விளிம்பு ஆகிய இடங்களில் தோல் எலும்போடு ஒட்டி இழுபட்டு நிற்கிறது. அங்கே அது ஆடாது, அறுபடும். வீங்கிய காலில் தோல் விறைத்திருக்கும், அங்கும் இதே கதைதான். வயதானவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களின் தோல் காகிதம்போல மெலிந்திருக்கும், லேசாகப் பட்டாலே கிழியும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கட்டில் ரத்தம் கசிந்து பஞ்சு நனைந்து காய்ந்திருக்கும். காய்ந்த ரத்தப் பஞ்சு கிட்டத்தட்ட மாவுக்கட்டு அளவுக்கே விறைப்பானது. பிளேடு அதையும் மாவு என்று நினைத்து அறுக்கும். அந்தப் பஞ்சு தோலோடு ஒட்டியிருந்தால் தோலும் தப்பாது. கட்டின் மேல் பழுப்புக் கறை தெரிந்தால் வெட்டும் கோட்டை அதைவிட்டுத் தள்ளிப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிளேடை உள்ளே இறக்கிய நிலையிலேயே கட்டின் நீளவாக்கில் இழுத்தால், எந்தத் தோலானாலும் வெட்டுப்படும். ஆட்டத்தால் வெட்டாத பற்கள் இழுப்பால் வெட்டும்.

எந்தக் கட்டுக்கு மிஷின், எதற்கு வேண்டாம்

மிஷினை எடுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பாதி நேரம் மிஷினே தேவைப்படாது.

ஸ்லாப் என்றால் மாவு ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கம் வெறும் பாண்டேஜ் துணி. அந்தத் துணிப்பக்கத்தைப் பாண்டேஜ் கத்தரியால் வெட்டினால் ஸ்லாப் தானாகக் கையோடு வந்துவிடும். இதற்கு மிஷினை ஓடவிட்டு நோயாளியைக் கிலி பிடிக்க வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு வாராவாரம் மாற்றும் கட்டுக்கும் மிஷின் கூடாது. இந்தச் சிகிச்சை முறையை வகுத்த அயோவா பல்கலைக்கழக மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டியே அதை வேண்டாம் என்றவர். பிஞ்சுத் தோலுக்கு ஆபத்து, சத்தத்தில் குழந்தையும் தாயும் மிரண்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கட்டை ஈரத் துணியால் சுற்றி ஊறவைத்து, இளகியதும் பிளாஸ்டர் கத்தியால் மெதுவாகப் பிரிக்க வேண்டும். முந்தின நாள் இரவே வீட்டில் பிரித்துக்கொண்டு வரச் சொல்லாதீர்கள், கிடைத்த திருத்தம் அதற்குள் நழுவத் தொடங்கிவிடும்.

போட்டுச் சில மணி நேரமே ஆன ஈரக் கட்டிலும் மிஷின் சரியாக வேலை செய்யாது. விறைப்பு இல்லாததால் பல் பிடிக்காது, ஈர மாவு பிளேடில் அப்பிக்கொள்ளும். தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் இருப்பதும் நல்லதல்ல. ஈரக் கட்டுக்குப் பிளாஸ்டர் கத்தரிதான்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று புத்தூர் கட்டு. துணி, மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை என்று சுற்றி வரும் கட்டு அது. மாவு எங்கும் இல்லை. பிளேடு துணியை அறுக்காது, நூலைச் சுற்றிக்கொண்டு திணறும். கத்தரியால், பத்தைக்குப் பத்தை இடையில் உள்ள துணியை வெட்டிப் பிரியுங்கள். பிரிக்கும்போது "இதை ஏன்யா போட்டீங்க" என்று திட்டு வாங்கித்தான் அந்த மனிதர் இங்கே வந்திருப்பார், நீங்களும் ஒருமுறை திட்ட வேண்டாம்.

மிச்சம் இருப்பவை இரண்டு. முழுச்சுற்று மாவுக்கட்டு, முழுச்சுற்று ஃபைபர் கட்டு. மாவு தடிமனாக இருக்கும், ஆனால் சுலபமாக அறுபடும், தூசி அதிகம். ஃபைபர் மெல்லியது, கடினமானது, பிளேடை வேகமாகச் சூடாக்கும், பற்களையும் சீக்கிரம் மழுக்கும். மாவுக்குச் சாதா ஸ்டீல் பிளேடு போதும். ஃபைபருக்கென்று மேற்பூச்சு கொடுத்த கடினமான பிளேடுகள் தனியாக வருகின்றன. ஒரே பிளேடால் இரண்டையும் ஒப்பேற்றும் இடங்களே அதிகம் என்று தெரியும். ஒப்பேற்றுவதானால் ஃபைபர் வெட்டும்போது இரு மடங்கு நிதானம் வேண்டும்.

ஸ்விட்சைப் போடும் முன்

கேஸ் ஷீட்டைப் பாருங்கள். கட்டு பிரிக்கச் சொன்னது யார், இந்தக் கையா அந்தக் கையா, எக்ஸ்ரே பிரித்த பிறகா அதற்கு முன்பா. அடுத்து மிக முக்கியமானது: கட்டுக்குள் கே-வயர் (முறிந்த எலும்பைப் பொருத்திப் பிடிக்கச் செருகும் மெல்லிய கம்பி) நுனி துருத்திக்கொண்டிருக்கிறதா, தையல் இருக்கிறதா, கசிவை வெளியேற்றும் டிரெய்ன் குழாய் இருக்கிறதா. குழந்தைகளின் முழங்கை முறிவில் வயர் போட்டுக் கட்டு சுற்றுவது தினசரி நடக்கும் வேலை. வயர் நுனி எந்தப் பக்கம் என்று எக்ஸ்ரேயில் பார்த்து, கட்டின் மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியிடம் பேசுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவரா, தொழுநோய் வந்து குணமானவரா, தண்டுவடத்தில் அடிபட்டவரா, இப்போதுதான் மரத்துப்போக ஊசி போட்டு தியேட்டரிலிருந்து வந்தவரா? இவர்கள் யாருக்கும் சூடு தெரியாது. "சுட்டா சொல்லுங்க" என்பது இவர்களிடம் பயன்படாத வாக்கியம். மயக்கத்தில் இருப்பவரும் இந்தப் பட்டியலில்தான்.

மிஷின் பக்கம்: ஒயரில் வெடிப்பு இல்லை, மூன்று பின் பிளக் முழுசாக இருக்கிறது, பிளேடைப் பிடிக்கும் நட்டு இறுக்கமாக இருக்கிறது, பற்கள் மழுங்கவில்லை. நட்டு தளர்ந்தால் பிளேடு கடகடவென்று அடித்துக்கொள்ளும், சத்தமும் சூடும் இரண்டும் கூடும். பிளேடு சோதிப்பதும் மாற்றுவதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். ஒயரை உங்கள் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் வெட்டும் பாதையில் வராது.

பக்கத்தில் எடுத்து வையுங்கள்: வெட்டிய கட்டை அகட்டித் திறக்கும் விரிப்பான், மொக்கை முனையுள்ள பாண்டேஜ் கத்தரி, ஈரமான காஸ் துணி, கோடு போட ஸ்கெட்ச் பேனா. உங்களுக்கு மாஸ்க்கும் கண்ணாடியும். மாவுத்தூள் ஒரு நாள் மூக்கில் போனால் தும்மலோடு போய்விடும், தினமும் போனால் அப்படியில்லை. தூசி உறிஞ்சும் குழாய் மிஷினோடு இருந்தால், அது ஏன் மூலையில் சுருட்டிக் கிடக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி செயல்விளக்கம். மிஷினை ஓடவிட்டு, ஓடும் பிளேடை உங்கள் உள்ளங்கைச் சதையில் லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். பிளேடு குளிர்ந்திருக்கும்போது மட்டும், தொட்டு எடுப்பது மட்டும், அழுத்துவதோ இழுப்பதோ இல்லை. "அக்கா, இது சுத்தாது, அதிரத்தான் செய்யும். கூச்சம் மாதிரி இருக்கும். எங்கயாவது சூடா இருந்தா உடனே சொல்லுங்க, நிறுத்திடுறேன்." சொன்னபடி முதல் தடவை சொன்னவுடன் நிறுத்துங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று வெட்டிக்கொண்டே போனால், பிரித்துப் பார்க்கும்போது அங்கே சிவந்த கோடு இருக்கும்.

கோடு போடுதல்

பேனாவால் இரண்டு கோடு வரையுங்கள், எதிரெதிர்ப் பக்கம். கட்டு இரண்டு ஓடாகப் பிரிய வேண்டும். ஒரே பக்கம் வெட்டி விரித்து உருவலாம்தான், ஆனால் புதிதாக ஒன்றுசேர்ந்த எலும்பை அப்படி வளைத்து உருவுவது எனக்குச் சம்மதமில்லை.

கோடு போகும் பாதை சதையின் மேல் இருக்க வேண்டும். முன்னங்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பு விளிம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கோட்டை அதிலிருந்து ஒரு விரலளவு உள்ளங்கைப் பக்கம் தள்ளுங்கள். காலில் முன் எலும்பு விளிம்பின் மேல் கோடு வேண்டவே வேண்டாம், இரு பக்கவாட்டிலும் போங்கள். கரண்டை முண்டு வரும் இடத்தில் கோட்டை வளைத்து ஒதுங்கிப் போங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் எலும்புக் குமிழை ஒட்டித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு செல்கிறது. அங்கே கட்டை அழுத்தவும் கூடாது, பிளேடை ஆழமாக இறக்கவும் கூடாது.

முழங்கை மடிப்பு, கணுக்காலின் முன்பக்கம் போன்ற உள்வளைவுகளில் துணி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கட்டு தடித்துப் போயிருக்கும். அங்கே வெட்ட நேரம் பிடிக்கும், பிளேடும் சூடாகிவிடும். முடிந்தால் அந்த மடிப்பைத் தவிர்த்துப் பக்கவாட்டில் வாருங்கள்.

வெட்டுதல்

மிஷினை ஆதிக்கக் கையில் பிடியுங்கள். கட்டைவிரலையோ ஆள்காட்டி விரலையோ நீட்டி கட்டின் மேல் ஊன்றுங்கள். இந்த ஊன்றிய விரல்தான் உங்கள் பிரேக். அது இல்லாமல் மிஷினை அந்தரத்தில் பிடித்தால், கட்டு பிளந்த அடுத்த கணம் மிஷினின் முழு எடையும் நோயாளியின் தோலில் இறங்கும். மற்றொரு கை கை-காலை அசையாமல் தாங்க வேண்டும், வெட்டும் பாதையைவிட்டுத் தள்ளி.

கட்டைத் தொடும் முன்பே மிஷின் முழு வேகத்தில் ஓட வேண்டும். பிளேடைக் கட்டுக்குச் செங்குத்தாக வைத்து மெல்ல அழுத்துங்கள். பிளேடின் சத்தம் கொஞ்சம் கனக்கும். அழுத்தத்தை அப்படியே வைத்திருங்கள், கூட்ட வேண்டாம். ஓர் இடத்தில் எதிர்ப்பு சட்டென்று விலகும். இளநீர் சீவி ஓட்டை போடும்போது கத்தி நுனி திடீரென்று உள்ளே இறங்குமே, அந்த உணர்வு. சத்தமும் அதே நொடியில் மாறும். உணர்ந்தவுடன் மேலே எடுத்துவிடுங்கள். கட்டு அங்கே பிளந்துவிட்டது, இன்னும் கீழே இருப்பது பஞ்சும் தோலும்தான்.

முழுவதும் வெளியே எடுத்து, கோட்டின் மேல் பிளேடின் பாதி அகலம் அளவுக்கு நகர்ந்து, மறுபடி இறக்குங்கள். முந்தின வெட்டோடு இது கொஞ்சம் மேலேறி இணைய வேண்டும். இறக்கு, உணர், எடு, நகர்த்து. நகர்வது எப்போதும் காற்றில்தான், கட்டுக்குள் அல்ல. புதியவர்கள் முதல் சில வெட்டுகளை ஒழுங்காகச் செய்துவிட்டு, கை பழகியதும் பிளேடை உள்ளேயே வைத்துக் கோடு இழுக்கத் தொடங்குவார்கள். வரிசை நீளமாக இருக்கும் திங்கட்கிழமை ஓ.பி.யில் அனுபவஸ்தர்களும் இதைச் செய்வார்கள். பார்க்க வேகமாகத்தான் இருக்கும். காயமும் அங்கிருந்துதான் வருகிறது.

ஓர் இடத்தில் இரண்டு மூன்று முறை இறக்கியும் பிளக்கவில்லை என்றால் பலம் கூட்டாதீர்கள். ஒன்று பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது கட்டு அங்கே தடிப்பு. பக்கத்து இடங்களை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பெரும்பாலும் விரிப்பான் போட்டதும் அந்த மிச்சப் பாலம் தானே உடைந்துவிடும்.

முனைகளில் கவனம். கட்டின் விளிம்பில் பஞ்சு மடித்து வைத்திருப்பார்கள், அல்லது விலகிப் போயிருக்கும். விரல்கள் தொடங்கும் இடமும் அங்கேதான். ஓரத்தை மிஷினால் முடிக்காமல் பிளாஸ்டர் கத்தரிக்கு விட்டுவிடுவது நல்ல பழக்கம்.

கட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே செருகும் பாதுகாப்புப் பட்டைகள் கிடைக்கின்றன. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் அது நிற்கும். கட்டு தளர்ந்து இடைவெளி இருந்தால் எளிதாக நுழையும். மரத்துப்போன காலுக்கும், மயக்கத்தில் இருப்பவருக்கும் இது இருந்தால் விடாதீர்கள்.

சூடு

இதற்குத் தனித் தலைப்பு தரக் காரணம் முதலிலேயே சொன்னதுதான். உலோகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உரசினால் காயும். மாவைவிட ஃபைபரில் அதிகம், மழுங்கிய பிளேடில் இன்னும் அதிகம், பஞ்சு குறைவாகச் சுற்றிய கட்டில் அந்தச் சூடு தோலை எட்டுவது சுலபம். தோல் தாங்கும் அளவு ஒன்றும் பெரிதல்ல: 44 டிகிரி சூட்டை மணிக்கணக்கில் தாங்கும், 60 டிகிரி என்றால் சில நொடிகள், 70 டிகிரி என்றால் ஒரு நொடிகூட வேண்டாம்.

ஆகவே சில பழக்கங்கள். நான்கைந்து இறக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மிஷினை அணைத்து, பிளேடை ஈரக் காஸால் துடையுங்கள். காஸிலிருந்து ஆவி வந்தாலோ 'சுர்' என்று கேட்டாலோ நீங்கள் ஏற்கெனவே தாமதம். பிளேடின் பக்கத்தை விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள். உங்கள் விரல் ஒரு நொடி வைக்க யோசித்தால் அது நோயாளியின் மேல் போகக் கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பவர்கள் உண்டு, குளிர்விக்கும் என்பது சரிதான். ஆனால் தீப்பொறி விடும் பழைய மோட்டாருக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீர் போதும், சொட்டாமல் பிழிந்து.

இடுப்பிலிருந்து கால் வரை போகும் ஸ்பைக்கா போன்ற நீளமான கட்டு என்றால் இரண்டு பிளேடு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். ஒருவர் வெட்ட, ஒருவர் தாங்க, குழந்தையின் தாயை முகத்தருகே உட்கார வைத்து.

திறத்தல்

இரண்டு கோடும் முடிந்ததும் மிஷினை அணைத்துத் தூர வையுங்கள். விரிப்பானின் மூக்கை வெட்டுக்குள் நுழைத்துக் கைப்பிடியை அழுத்த, கட்டு வாய் திறக்கும். ஒரே இடத்தில் முழுக்க விரிக்காமல் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு பாண்டேஜ் கத்தரியின் மொக்கை முனையைத் தோலை ஒட்டி விட்டு, பஞ்சையும் உள்துணியையும் வெட்டுங்கள். கூரிய கத்தரியை எடுத்துவிடாதீர்கள். பிளேடுக்குத் தப்பிய தோலைக் கத்தரியில் கிழித்துவிடக் கூடாது.

பஞ்சு ஒட்டியிருந்தால் இழுக்காமல் சலைன் ஊற்றி ஊறவிடுங்கள். மேல் ஓட்டை எடுத்து, முட்டிக்கு மேலும் கீழும் தாங்கிப் பிடித்து, கை-காலைக் கீழ் ஓட்டிலிருந்து தூக்குங்கள். எக்ஸ்ரே பார்த்துவிட்டு மறுபடி தேவைப்படலாம் என்றால் கீழ் ஓட்டை வைத்திருங்கள், ஸ்லாப் மாதிரி பயன்படும்.

அவசரக் கட்டு

வலி மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை நீட்டினாலே துடிப்பது, விரல்கள் மரத்து வீங்கியிருப்பது ஆகியவற்றோடு புதுக்கட்டுக்காரர் நள்ளிரவில் வந்தால், அது கட்டு பிரிப்பதல்ல, கையைக் காப்பாற்றுவது. சீனியருக்கு போன் போட்டுக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். விரல் நுனி சிவப்பாகத்தானே இருக்கிறது, நாடி கிடைக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். நாடி இருக்கும்போதே உள்ளே தசை சாகலாம்.

கட்டை முழு நீளத்துக்கு வெட்டுங்கள். பாதி வெட்டி விடுவது பயனில்லை. ஒரு பக்கம் வெட்டி நன்றாக விரித்தாலே அழுத்தம் கணிசமாக இறங்கும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது: பஞ்சையும் உள்துணியையும் தோல் தெரியும் வரை வெட்ட வேண்டும். ரத்தத்தில் ஊறி இறுகிய பஞ்சுச் சுற்று ஒன்றே போதும், கயிறு மாதிரி இறுக்க. இங்கே தோல் விறைத்து வீங்கியிருக்கும், பிளேடு எளிதில் காயப்படுத்தும். அவசரத்திலும் இறக்கி எடுக்கும் முறை மாறாது. வெட்டி முடித்ததும் கை-காலை இதய மட்டத்தில் வையுங்கள், உயரத் தூக்கித் தொங்கவிட வேண்டாம். வலி குறையவில்லை என்றால் தியேட்டர்தான்.

குழந்தைகள்

குழந்தைக்குப் பயம் பிளேடைவிடச் சத்தத்தில்தான். காதை மூடும் ஹெட்போன் மாதிரியான கவசம் இருந்தால் போடுங்கள், அம்மாவின் போனில் ஒரு பாட்டும் ஓடட்டும். மிஷினை முதலில் தூரத்தில் ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்குங்கள். பழைய கட்டு ஓடு ஒன்றை வைத்திருந்து அதை முதலில் வெட்டிக் காட்டலாம். "தம்பி, உன் கட்டுல நீ எழுதின பேரை வெட்டாம எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவான். நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கும் நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். திமிறும் கையில் பிளேடு நேராக இறங்காது. மாவுக்கட்டு என்றால் வெந்நீரில் ஊறவைத்துக் கத்தரிக்கு மாறலாம். ஃபைபர் ஊறாது, அதற்கு டாக்டரிடம் கேட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

பிரித்த பிறகு

தோல் செதில் செதிலாக, முடி கூடுதலாக, தசை மெலிந்து, ஒரு வாடையோடு இருக்கும். "கை சூம்பிப் போச்சே" என்று கூட வந்தவர்கள் பதறுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பதற்றம் பாதியாகும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பிறகு தேங்காயெண்ணெய். செதிலைச் சுரண்ட வேண்டாம், சில நாளில் தானே உதிரும். குதிகால், கரண்டை, முட்டி மூன்றையும் நீங்களே பாருங்கள், அழுத்தப்புண் இருந்தால் இப்போதுதான் தெரியும். பிளேடு பட்ட சிவப்புக் கோடு இருந்தால் மறைக்காமல் குளிர்ந்த தண்ணீரில் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள்.

கால் கட்டுக்காரர் டேபிளிலிருந்து தானாகக் குதித்து இறங்க விடாதீர்கள். முட்டி மடங்காது, பாதம் தாங்காது, விழுவார். எப்போது எவ்வளவு எடை வைக்கலாம் என்பது எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்வது. மாலையில் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபி சீட்டை வாங்காமல் யாரும் போகக் கூடாது.

மிஷினுக்குச் செய்ய வேண்டியது

பிளேடு சுழலாததால் கட்டைத் தொடும் ஒரு பகுதிப் பற்கள் மட்டுமே தேயும். பிளக்கைப் பிடுங்கி, நட்டைத் தளர்த்தி, பிளேடைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இறுக்கினால் புதுப் பற்கள் முன்னே வரும். முழு வட்டமும் தேய்ந்த பிறகுதான் புது பிளேடு. ஸ்டோரில் பிளேடு கேட்டு நடப்பவர்கள் இதைச் செய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பல் உடைந்த பிளேடை மட்டும் திருப்பிப் போட வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

காற்று போகும் துளைகளில் மாவுத்தூள் அடைத்தால் மோட்டார் காய்ந்து எரியும். நாள் முடிவில் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, உடம்பை ஈரத் துணியால் துடையுங்கள். தண்ணீரில் முக்கக் கூடாது. பிளேடில் ரத்தம் பட்டிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, உங்கள் ஆஸ்பத்திரி முறைப்படி கிருமிநீக்கம் செய்யுங்கள். தூக்கிப் போடுவதானால் கூரிய உலோகங்களுக்கான குத்துப்படாத வெள்ளை டப்பாவில். ரத்தமும் சீழும் பட்ட கட்டு ஓடுகள், 2016-ன் மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பைக்குப் போக வேண்டும். வாசல் குப்பைத்தொட்டியில் அவை கிடந்தால் கேள்வி பிளாஸ்டர் ரூமுக்குத்தான் வரும்.

பெரிய பிளாஸ்டர் கத்தரியை எண்ணெய் போட்டு, டிராயரின் மேல் தட்டில் வையுங்கள். கட்டைப் பாதி வெட்டியிருக்கும்போது கரண்ட் போகும்.